பாளையம், வலசு, முகாம்

கோவையில் மேட்டுப்பாளையம் ரோட்டுப் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால் கவுண்டம்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் மூன்றையும் தாண்டி, காரமடைக்கும் அப்பால்தான் மேட்டுப்பாளையம் வரும். சுமார் 35 கிலோமீட்டரில் நான்கு பாளையம். கிழக்கே போனால் கோபிச்செட்டிபாளையம். அதற்கும் இதற்கும் நடுவே உள்ள சின்னப் பாளையங்களை எண்ணி மாளாது. ‘எந்தூருங்க?’ என்றால் ‘பாளையமுங்க’ என்று ஒரே சொல்லில் பதில் வரும். எந்தப் பாளையம் என்பது கேட்கிறவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்துத் தானாக விளங்கிவிடும். கொங்கு மண்ணின் வாடை அடிக்கிற பின்னொட்டு எது என்று கேட்டால் எவரும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட சொல்லுக்கு அகராதி தரும் முதன்மையான பொருள், படை இறங்கியிருக்கும் இடம். தங்கிவிட்டுக் கிளம்பிப் போவதற்கான இடம்.

மேட்டுப்பாளையத்தில் உள்ள ‘மேடு’ விளக்கம் வேண்டாதது. பாளையத்தில்தான் வழுக்குகிறது. பாக்குத் தோப்பும் தென்னையும் நிறைந்த ஊர் என்பதால் ‘பாளை’ என்று பிரித்து, பாளை விரிந்த இடம் பாளையம் என்று சொல்லிவிட ஆசை வரும். சொல்லவும் சொல்கிறார்கள். காதுக்கு இனிமையான விளக்கம், ஆனால் நிற்காது. தெலுங்கில் இதே சொல் ‘பாளெமு’, ‘பாலெம்’ என்று வழங்குகிறது; அமராவதிப் பக்கம் வெங்கடபாலெம் இருக்கிறது. கன்னடத்தில் ‘பாளெய’, ‘பாள்ய’. பெங்களூரில் முருகேஷ்பாள்யா இருக்கிறது. மூன்று மொழியிலும் கூடாரம், தண்டு இறங்கிய இடம் என்ற பொருள்தான் அடியில் கிடக்கிறது. தென்னம்பாளைக்கு அங்கே வேலை இல்லை.

சங்கப் பாடல்களில் போர்க்களத்துத் தங்குமிடத்துக்குப் பெயர் பாசறை, பாடி. முல்லைப்பாட்டு ஒரு பாசறையை விரிவாகக் காட்டுகிறது. காட்டை வெட்டித் தழைக் கூரை வேய்ந்து, தெருத்தெருவாக வகுத்த ஊர் போல இருக்கும் அது. அங்கே யானைக்குத் தீனி ஊட்டும் இளைஞர்கள் வடமொழிச் சொல்லால் யானையைப் பழக்குகிறார்கள் என்ற குறிப்பும் அந்தப் பாட்டில் உண்டு. படை, யானை, வேற்றுமொழி மூன்றும் ஒரே கூடாரத்தில் கூடியிருந்தது இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன். பின்னால் பயன்படும்.

விசயநகரத் தளபதிகளும் நாயக்கர்களும் தெற்கே ஆளத் தொடங்கிய காலத்தில் ‘பாளையம்’ பரவலாகிறது. மதுரையில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையமாகப் பிரித்தார்கள் என்பது மரபுச் செய்தி. கூடாரத்தின் பெயர் அந்தக் கூடாரத்துக்குப் படி அளக்கிற நிலத்துக்கு ஏறியது. அந்த நிலத்தின் தலைவன் பாளையக்காரன் ஆனான். கும்பினிக்காரர்கள் அவனை ‘பாலிகர்’ ஆக்கினார்கள். 1886இல் வந்த ஆப்சன்-ஜாப்சன் அகராதியில் அந்தச் சொல்லுக்குத் தனிப் பதிவே இருக்கிறது. ஆனால் கொங்கில் உள்ள ஒவ்வொரு பாளையத்திலும் ஒரு பாளையக்காரர் கோட்டை கட்டி இருந்தார் என்று நினைக்க வேண்டாம். நாளடைவில் நாலு வீடு சேர்ந்த சிற்றூருக்கும் அந்தப் பின்னொட்டு போதுமானதாகிவிட்டது.

இந்தச் சொல் போர்வீரர்களை விட்டு விலகி வேறொரு கூட்டத்தோடு நடந்த வழி ஒன்றும் உண்டு. தமிழ்க் கிறித்தவர்களின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திறந்தால், எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் வனாந்தரத்தில் போன இடமெல்லாம் ‘பாளயமிறங்குகிறார்கள்’. எண்ணாகமம் 33ஆம் அதிகாரம் ஏறக்குறைய முழுவதும் இதுதான்: ஓரிடத்தில் இருந்து புறப்பட்டு இன்னோரிடத்தில் பாளயமிறங்கினார்கள், அங்கிருந்து புறப்பட்டு வேறிடத்தில். நாற்பதாண்டு அலைச்சலின் ஊர்ப்பட்டியல். படை தங்குமிடத்துக்கு உரிய சொல்லை ஓடிவந்த குடிகளின் தங்குமிடத்துக்கும் அந்த மொழிபெயர்ப்பாளர்கள் தயங்காமல் கொடுத்தார்கள். கூடாரம் அடித்தவன் துரத்துகிறவனா, துரத்தப்படுகிறவனா என்பது கூடாரத்தைப் பார்த்தால் தெரியாது.

கொங்கு நாடு இந்த இரண்டையும் தனித்தனிச் சொல்லால் பிரித்து வைத்திருக்கிறது. அதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த ஆராய்ச்சியில் கிடைத்த புதையல். பாளையத்துக்குப் பக்கத்திலேயே ‘வலசு’ இருக்கிறது. ஈரோட்டில் பெரியவலசு, சென்னிமலைப் பக்கம் குமாரவலசு, இன்னும் பல. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியில் ‘வலசை’ என்ற சொல்லைப் பார்த்தால், பகைப்படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுதல் என்ற பொருள் கிடைக்கும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. வலசு அந்த வலசையிலிருந்து வந்தது என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. படை வந்து தங்கியது பாளையம்; படைக்குப் பயந்து ஓடியவர்கள் போய்த் தங்கியது வலசு. ஒரே தாலுகாவில், சில இடங்களில் ஒரே பஞ்சாயத்தில், இரண்டும் அருகருகே. இன்று பாளையத்துக்காரரும் வலசுக்காரரும் சம்பந்தம் செய்துகொள்கிறார்கள். எது யாருடைய கூடாரம் என்று எந்தப் பெண்வீட்டாரும் கேட்பதில்லை.

படை வந்த வழி மேட்டுப்பாளையத்துக்கு வெகு தூரம் இல்லை. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கோவைச் சமவெளிக்குள் இறங்கும் கஜலஹட்டிக் கணவாய் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1790இல் திப்பு சுல்தானின் படை அந்த வழியாகத்தான் இறங்கியது. மோயாறு பவானியோடு கலக்கும் இடத்தில் இருந்தது டணாய்க்கன் கோட்டை. ‘டணாய்க்கன்’ என்பது தண்டநாயகன், அதாவது படைத்தலைவன். ஒய்சளர்களின் தண்டநாயகர்கள் அங்கே இருந்து ஆண்டார்கள். அந்தக் கோட்டை இப்போது எங்கே என்றால், தண்ணீருக்குள். பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தபோது கோட்டையும் சுற்றியிருந்த ஊர்களும் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் வருடங்களில் மாதவராயப் பெருமாள் கோயில் தலைகாட்டும். மறுநாளே பத்திரிகையில் படம் வரும். படைத்தலைவனின் ஊரே ஒருநாள் வலசை போக வேண்டி வந்தது.

வலசை என்ற சொல் இன்று பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் பறவைக்கும் யானைக்கும். ‘வலசைப் பறவைகள்’ என்கிறோம், ‘யானைகளின் வலசைப் பாதை’ என்கிறோம். மேட்டுப்பாளையத்தை ஒட்டிய கல்லாறு அப்படிப்பட்ட பாதை. கிழக்குத் தொடர்ச்சிக் காட்டுக்கும் மேற்குத் தொடர்ச்சிக் காட்டுக்கும் இடையே யானை கடக்கும் குறுகிய இடுக்கு. அதே வழியில் ஊட்டி ரோடும் மலை ரயிலும் ஏறுகின்றன. போத்தனூரிலிருந்து ரயில்பாதை மேட்டுப்பாளையத்துக்கு வந்தது 1873இல். பல்சக்கரப் பாதை குன்னூர் வரை ஏறியது 1899இல். ஊட்டியைத் தொட்டது 1908இல். 46 கிலோமீட்டர். 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,200 மீட்டருக்கு மேல் போகிறது. 2005இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. யானைப் பாதைக்கு அப்படி யாரும் பட்டயம் தரவில்லை.

அதே ஊரில் இன்னொரு கூத்து. தேக்கம்பட்டியில் வனபத்ரகாளியம்மன் கோயில் பக்கம், பவானிக் கரையில், கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடந்துவந்தது. 2003இல் முதுமலையில் தொடங்கிய திட்டம். சில வருடம் கழித்து இங்கே இறங்கியது. தமிழ்நாட்டின் பல மூலையிலிருந்தும் லாரியில் யானைகள் வரும். தகரக் கொட்டகை, குளியல் மேடை, நடைப்பயிற்சி, 48 நாள் விருந்து. முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துவிட்டு அவரவர் கோயிலுக்கு. வேலிக்கு வெளியே அதே நேரத்தில் காட்டு யானைகள் உலவும். ‘முகாம்’ அரபு மொழிச் சொல். ‘மகாம்’ என்பது மூலம். நிற்குமிடம் என்பது அதன் நேர்ப்பொருள். பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து, படை தங்குமிடம் ஆகி, கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம் என்று விரிந்தது. மேட்டுப்பாளையத்தில் முகாம் என்றால், ஆற அமர யோசித்தால், பாளையத்துக்குள் இன்னொரு பாளையம்.

யானையின் பெயருக்கு வருவோம். கோயில் யானைக்கு ஆண்டாள், அகிலா என்று பெயர் வைப்பது வழக்கம். காட்டு யானைக்குப் பெயர் கிடைப்பது அது ஊருக்குள் வரத் தொடங்கும்போதுதான். மேட்டுப்பாளையத்துச் சுற்றுவட்டாரத்தில் திரியும் ஒரு கொம்பனுக்கு ‘பாகுபலி’ என்று மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள். மசினகுடி வாழைத்தோட்டத்துப் பக்கம் ‘ரிவால்டோ’, பிரேசில் பந்தாட்டக்காரரின் பெயர். ரிவால்டோவைப் பிடித்துக் கொட்டிலில் அடைத்து வைத்திருந்து 2021 ஆகஸ்டில் தூரத்துக் காட்டில் விட்டார்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டரை ஒரே நாளில் நடந்து பழைய இடத்துக்கே வந்து நின்றது.

கோவைக்காரர்கள் மறக்காதது சின்னத்தம்பியை. பெரிய தடாகம் பகுதியில் செங்கல் சூளைகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே சுற்றித் திரிந்த ஆண் யானை. 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, டாப்சிலிப் பக்கம் வரகளியாற்றுக் காட்டில் விட்டார்கள். சில நாளில் அது காட்டை விட்டு இறங்கி, நடையாய் நடந்து, உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கரும்புக் காட்டுக்கு வந்துவிட்டது. யாரையும் தொந்தரவு செய்யாமல் சோளத்தட்டும் கரும்பும் தின்றுகொண்டு நின்ற அதைப் பார்க்க ஊர் ஊராக ஜனம் திரண்டது. ‘சின்னத்தம்பியை விட்டுவிடுங்கள்’ என்று பையன்கள் கோஷம் போட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பிப்ரவரி நடுவில் மறுபடி பிடித்தார்கள். இன்று அது ஒரு கும்கி.

கும்கி என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பாரசீகத்தில் ‘குமக்’ என்றால் உதவி. குறிப்பாக, நெருக்கடியில் வந்து சேரும் துணைப்படை. முகலாயப் படைப் பேச்சிலிருந்து யானைப் பாகர்களின் பேச்சுக்கு வந்து, காட்டு யானையைப் பிடிக்கத் துணைக்கு நிற்கும் பழகிய யானைக்குப் பெயரானது. பாளையம், தண்டநாயகன், முகாம், கும்கி: மேட்டுப்பாளையத்தைச் சுற்றி நாம் வாயில் போட்டு மெல்லுகிற சொற்களில் பாதிக்குமேல் ராணுவத்திலிருந்து வந்தவை. வலசை ஒன்றுதான் மறுபக்கத்தின் சொல். சின்னத்தம்பி வலசை போய், முகாமில் அடைபட்டு, கும்கியாகத் துணைப்படையில் சேர்ந்தது. இந்த மூன்று சொல்லும் அதன் வாழ்க்கையில் வரிசையாக வந்தன.

இத்தனை தூரம் யானைகளோடு நடந்து வந்ததற்குக் காரணம் ஒரு கலைப்படைப்பு. கூடலூர், முதுமலைப் பகுதியைச் சேர்ந்த பணியர், பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர் முதலான பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடித் தண்டால் ஆளுயரத்துக்கும் மேலான, அசல் அளவு யானைகளைச் செய்கிறார்கள். ‘ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ்’ என்ற அமைப்பின் கீழ், தர்ஷ் தெக்கேக்காரா, சுப்ரா நாயர் ஆகியோரின் முயற்சியில் தொடங்கிய வேலை. உண்ணிச்செடி அமெரிக்க வெப்பநாட்டுச் செடி. தோட்டத்து அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து, வேலி தாண்டி, முதுமலையிலும் பந்திப்பூரிலும் காட்டின் தரையையே மூடிவிட்டது. யானைக்குப் புல் வளர வேண்டிய இடத்தில் இது நிற்கிறது. அந்தத் தண்டை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டுகிறார்கள். ஒரு யானை முடிய மாதக்கணக்கில் கை வேலை.

இதில் முக்கியமானது, அந்த யானைகள் பொதுவான ‘யானை’ கிடையாது. ஒவ்வொன்றும் கூடலூர்க் காட்டோரத்தில் மனிதர்களுக்கு நடுவே உலவுகிற ஒரு குறிப்பிட்ட யானையைப் பார்த்துச் செய்தது. காது மடிப்பு, நெற்றி மேடு, கொம்பின் சாய்வு எல்லாம் அந்த ஆளுக்கே உரியவை. ‘ஆள்’ என்றுதான் எழுத வருகிறது. 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024 பிப்ரவரியில் பெங்களூர் லால்பாகில். அந்தக் கோடையில் 100 யானைகள் அமெரிக்காவில் நியூபோர்ட்டில் இறங்கின. செப்டம்பரில் நியூயார்க்கின் மீட்பேக்கிங் பேட்டையில், அடுத்து மயாமிக் கடற்கரை மணலில், பிறகு மேற்கு நோக்கி. அந்தப் பயணத்துக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘மாபெரும் யானை வலசை’. அமெரிக்காவிலிருந்து வந்து நம் காட்டைப் பிடித்த செடி, அதே காட்டு யானையின் உருவெடுத்து அமெரிக்கத் தெருவுக்குத் திரும்பியிருக்கிறது. பார்க்க வந்த நியூயார்க்வாசிகள் எத்தனை பேர் அந்தக் குச்சியின் பூர்வீகம் தங்கள் கண்டம் என்று அறிந்தார்களோ.

இவ்வகைப் படைப்புக்குத் தமிழில் இன்னும் ஒரே பெயர் நிலைக்கவில்லை. நிறுவல் கலை என்கிறார்கள், நிர்மாணக் கலை என்கிறார்கள், பேச்சில் இன்ஸ்டலேஷன் என்றே போய்விடுகிறது. ‘நிறுவு’ என்பதைக் கணினிக்காரர்கள் மென்பொருளுக்கு எடுத்துக்கொண்டதால் ‘நிறுவல்’ என்றால் பலருக்கு லேப்டாப் நினைவு வருகிறது. எனக்கு நிறுவல்தான் பிடிக்கிறது. ‘நில்’ என்ற வேரிலிருந்து வருவது. நிற்கச் செய்தல். நிலம், நிலை, நிறுத்தம் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். வடமொழி ஸ்தாபனமும் பிரதிஷ்டையும் நிற்றல் என்ற பொருளில் கிளைத்தவையே. அரபு முகாமும் அப்படியே என்று மேலே பார்த்தோம். அசையாமல் நிற்பது என்ற இந்தப் பொருளிலிருந்தே, நாலு வாரம் நின்றுவிட்டுப் பெட்டிக்குள் போகும் கலைக்கும், நாலு நாள் நின்றுவிட்டுக் கிளம்பும் கூடாரத்துக்கும் பெயர் எடுத்திருக்கிறார்கள்.

நிறுவலும் வெளியூர்ச் சரக்கு என்று நம்மவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. கொங்கில் மாரியம்மன் நோம்பி சாட்டினால் கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். முக்கவராகப் பிரிந்த மரக்கொம்பு; அம்மனுக்குக் கணவன் என்று ஐதீகம். மஞ்சளும் வேப்பிலையுமாகத் தினமும் பெண்கள் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆண்கள் இரவில் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். நோம்பி முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றிலோ ஆற்றிலோ விட்டுவிடுவார்கள். மூலவர் போல நிரந்தரம் இல்லை, உற்சவர் போல உலாவும் இல்லை. ஒரு இடத்தில், ஒரு காலத்துக்கு மட்டும் நின்று, சுற்றியிருப்பவர்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டுப் போய்விடுவது. கலை விமர்சகர்கள் நிறுவலுக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லும் இலக்கணம் அவ்வளவுதான்.

கூடலூருக்குத் திரும்பலாம். அங்கே யானையின் வலசைப் பாதையில் மனிதர்களின் வலசை குறுக்கிட்ட கதை இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலங்கையின் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்துப் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேசுவரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் பதிவு, பிறகு ரயில். நீலகிரிக்கு ஒதுக்கப்பட்டவர்கள் பலர் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலையேறினார்கள். அவர்களுக்கு வேலை தரவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று காட்டை ஒட்டித் தேயிலை வைத்தார்கள். அதில் யானை நடந்த இடமும் உண்டு. 2022இல் டான்டீ நிலம் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவிட்டது. கண்டியிலும் அட்டனிலும் பிறந்து, இங்கே லயன் வீட்டில் ஓய்வு பெற்றவர்களுக்கு, எங்கே போவது என்ற கேள்வி மறுபடி வந்தது.

அவர்களை அழைத்த பெயர்களைப் பட்டியல் போட்டால் அதுவே ஒரு வரலாறு. அரசுக் காகிதத்தில் ‘தாயகம் திரும்பியோர்’, அதுவரை பார்த்தேயிராத தாயகத்துக்கு. மலையில் ‘சிலோன்காரங்க’. அங்கே இருந்தபோது ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ என்ற வசைகள். யாழ்ப்பாணத்தார் வாயில் ‘வடக்கத்தியான்’. இந்தக் கடைசிச் சொல்லுக்கு நீலகிரியில் ஓர் அண்ணன் உண்டு. படகர் என்ற பெயர் கன்னடத்து ‘வடக்கர்’. மைசூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பதால் பெயரே திசையாகிவிட்டது. இன்று திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு வரும் பீகார்ப் பையன் ‘வடக்கன்’. வெவ்வேறு காலத்தில் மூன்று கூட்டம். வந்தவனை அவன் வந்த திசையால் கூப்பிடுவது ஒன்றுதான் மாறவில்லை. படகர்கள் மட்டும் அந்தத் திசையைத் தங்கள் பெயராக ஏற்றுக்கொண்டு தலைநிமிர்ந்து நிற்கிறார்கள். மற்ற இரண்டும் இன்னும் பிறர் வாயில் இருக்கும் சொற்கள்.

இடம்பெயர்ந்தவர்களின் பெயரை விட்டுவிட்டு வீட்டைத் தேடிய கலைஞர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன். 2011இல் ‘ரேக்கிங் லீவ்ஸ்’ வெளியீடாக அவர் செய்த நூல்வடிவப் படைப்பின் பெயரில் ‘தோம்பு’ என்ற சொல் வருகிறது: முற்றுப்பெறாத தோம்பு. போர்த்துக்கீசரின் ‘தோம்போ’, நிலப் பதிவேடு. லிஸ்பனில் இருக்கும் ஆவணக் காப்பகத்தின் பெயர் இன்றும் ‘தோரே தோ தோம்போ’. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் அது காணிக்கு உரியவர் யார், அளவு என்ன என்று எழுதும் ஏடாக நிலைத்தது. சனாதனன் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த எண்பது பேரிடம், தமிழரும் முஸ்லிம்களுமாக, விட்டு வந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போடச் சொன்னார். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும் அதில் உண்டு. கை நடுக்கத்தோடு போட்ட கோடு ஒரு பக்கம், அதையே கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்தது இன்னொரு பக்கம், சனாதனனின் வண்ணச் சித்திரம் மற்றொன்று. மொத்தமும் அரசு அலுவலகத்துக் கோப்பு போன்ற கட்டு. குடியேற்ற அரசு வரி வசூலிக்கப் போட்ட ஏட்டின் பெயரை, வீடிழந்தவர்களின் நினைவு ஏட்டுக்குத் திருப்பி வைத்த துணிச்சல்தான் அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2016இல் கொச்சி-முசிறிஸ் பினாலேயில் அவர் வைத்தது நூலக அட்டவணை அட்டைகளுக்கான மர அலமாரி. இழுப்பறையை இழுத்தால் போர்க்காலத்தை மனிதர்கள் சமாளித்த விதங்கள் அட்டை அட்டையாக வரும். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது என்பதை அறிந்தவர்கள் அந்த அலமாரியைச் சும்மா பார்க்க முடியாது.

கொரியக் கலைஞர் டோ ஹோ சு தன் தகப்பனார் வீட்டை மெல்லிய பட்டுத்துணியில் அச்சு அசலாகத் தைத்து 1999இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொங்கவிட்டார். மடித்தால் பெட்டிக்குள் அடங்கும் வீடு. அந்தப் படைப்பு எந்த நகரத்துக்குப் போகிறதோ அந்த நகரத்தின் பெயரும் தலைப்பில் சேர்ந்துகொள்ளும்: சியோல் வீடு, எல்.ஏ. வீடு, நியூயார்க் வீடு, பால்டிமோர் வீடு, லண்டன் வீடு என்று நீண்டுகொண்டே போகிறது. நம் ஊர்ப்பெயர்கள் அப்படி நீள்வதில்லை. நீட்டப் பார்த்தது அரசுதான். 2020 ஜூனில் ஆயிரத்துச் சொச்சம் ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வந்தது. கோயம்புத்தூருக்கு முன்பின் கண்டிராத எழுத்துகள் முளைத்தன. கேலி பொறுக்காமல் ஒரே வாரத்தில் திரும்பப் பெற்றார்கள்.

பவானிசாகர் அணைக்கு அருகில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் இத்தகைய முகாம்களுக்கு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் இனி வேண்டாம், ‘மறுவாழ்வு முகாம்’ என்று சொல்லுங்கள் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அகதி என்றால் கதி அற்றவர். அந்தச் சொல் போனது நல்லது. ‘முகாம்’ மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, கோவையில் வேலைக்கு வந்திருக்கும் பையனிடம் ‘எந்தூருங்க தம்பி?’ என்று கேட்டால் அவனும் ஒரே சொல்லில் ‘கேம்ப்புங்க’ என்றுதான் சொல்கிறான். அந்த ‘ங்க’ கொங்கு நாட்டுடையது.

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் ரயிலில் போகிறவர்கள் உச்சிப்புளி தாண்டி ‘மண்டபம் கேம்ப்’ என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். தோட்டங்களுக்குப் போகும் கூலிகளுக்கு நோய் இருக்கிறதா என்று நிறுத்திப் பார்க்க இலங்கை அரசு சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட முகாம் அது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பியபோதும் அங்கேதான் இறங்கினார்கள். 1983க்குப் பிறகு வந்தவர்களும் அங்கேதான். 2022இல் விலைவாசி தாங்காமல் தோணி ஏறி வந்தவர்களையும் அங்கேதான் தங்கவைத்தார்கள். அந்தச் சாலையோரத்து ஊர்களின் பெயர் பிரப்பன்வலசை, குஞ்சார்வலசை. கொங்கில் எந்தத் தலைமுறையில் கூடாரம் ஊரானது என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை. மண்டபத்தில் அது ரயில்வே கால அட்டவணையிலேயே ஏறியிருக்கிறது.